சுரங்கத்தில் ஒரு சுண்ணக்கட்டி

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

குகைகளில் வாழ்ந்த நாள்தொட்டே மனிதன் சுவரைக் கண்டால் சும்மா இருந்ததில்லை. கல்லைக் கண்டால் கீறினான். கரியைக் கண்டால் தீட்டினான். அந்த வேட்கைதான் ஓவியமாயிற்று, எழுத்தாயிற்று, கல்வெட்டாகி வரலாறும் ஆயிற்று. அதே வேட்கைதான் பேருந்து இருக்கையின் முதுகிலும், இரயில் பெட்டியின் கதவிலும், கழிப்பறைச் சுவரிலும் கிறுக்கலாக வழிந்து நம்மை முகம் சுளிக்க வைக்கிறது. கலைக்கும் கிறுக்கலுக்கும் இடையே உள்ள கோடு எது? அந்தக் கோட்டைப் போடுபவர் யார்? என் வாழ்வில் நேர்ந்த ஒரு சிறு தலைக்குனிவின் வழியாகத்தான் இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தேன்.

முதலாண்டு படித்தபோது நாள்தோறும் நகரப் பேருந்தில் கல்லூரிக்கு வருவேன். ஒருநாள் கடைசிக்கு முந்திய இருக்கையில் அமர்ந்து, முன்னிருக்கையின் முதுகுத் தகட்டில் வீட்டுச் சாவியால் என் பெயரைக் கீறிக்கொண்டிருந்தேன். மூன்று எழுத்து முடிந்து நான்காம் எழுத்துக்குக் கொம்பு போடும் வேளையில் நடத்துநர் வந்து என் தோளில் கை வைத்தார். அவர் என்னை வையவில்லை. இரவில் பணிமனையில் இந்த வண்டியைக் கழுவித் துடைப்பவர் என் தாயின் வயதுள்ள ஒரு பெண்மணி என்றும், அழுக்கைத்தான் அவரால் துடைக்க முடியும், கீறலைத் துடைக்க முடியாது என்றும் மெல்லச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குச் சீட்டுக் கொடுக்கப் போய்விட்டார். வைதிருந்தால் மறந்திருப்பேன். வையாததால் இன்றளவும் மறக்க முடியவில்லை.

இதனை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் பின்னொருநாள் கூறினேன். ஐயா அவர்கள் சிரிக்கவும் இல்லை; சினக்கவும் இல்லை. தன் பெயரைக் கீறாமல் பிறருக்காக வரைந்த ஒருவரைப் பற்றிப் படித்துப் பார் என்று கூறி, ஒரு துண்டுத் தாளில் கீத் ஹேரிங் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுத் தாளோடு தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

கீத் ஹேரிங் 1958-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், ரெடிங் என்னும் நகரில் பிறந்தார். அருகிலுள்ள கட்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். பெற்றோர்க்கு மக்கள் நால்வர். மூத்தவர் இவர்; பின்பிறந்த மூவரும் தங்கையர். தந்தை ஆலன் ஹேரிங் பொறியாளர். ஓய்வு நேரங்களில் கேலிச்சித்திரம் வரைபவர். மகனுக்குத் தந்தையே முதல் ஆசானானார். வால்ட் டிஸ்னியின் சித்திரங்களும், டாக்டர் சூஸ் குழந்தைகளுக்காக வரைந்த நூல்களும், சார்லஸ் ஷுல்ஸ் நாளிதழ்களில் வரைந்த படத்தொடரும் அந்தச் சிறுவனின் கண்ணையும் கையையும் பழக்கின. ஒரே கோட்டில் ஓர் உருவத்தைப் பேச வைக்கும் வித்தை அவருக்கு இங்கிருந்துதான் வந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1976-இல் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பர ஓவியம் கற்பிக்கும் பள்ளியொன்றில் சேர்ந்தார். பிழைப்புக்கு உதவும் கல்வி அது. ஆனால் இரண்டு பருவங்களிலேயே அதனை விட்டு வெளியேறினார். பிறர் சரக்கை விற்பதற்காக வரைய அவர் மனம் ஒப்பவில்லை. அந்நகரிலேயே தங்கித் தாமே படித்தார், தாமே வரைந்தார். 1977-இல் பெல்ஜிய ஓவியர் பியேர் அலெஷின்ஸ்கியின் படைப்புகள் அங்கே பெருங்காட்சியாக வைக்கப்பட்டபோது, அவற்றைக் கண்டு தம் கை போகும் போக்கில் ஒரு பொருள் உண்டென்னும் துணிவு பெற்றார். 1978-இல் இருபது வயதில் நியூயார்க் மாநகர் சென்று, காட்சிக்கலைப் பள்ளி என்னும் கல்வி நிலையத்தில் மாணவரானார்.

கிறுக்கல் மூடிய இரயில்கள்

இங்கே அக்கால நியூயார்க்கைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். 1904-இல் தொடங்கிய அந்நகரின் சுரங்க இரயில், இரவு பகல் ஓயாது ஓடும் பெரும் போக்குவரத்து. 1970-களில் மாநகராட்சியின் கருவூலம் வற்றிப்போயிற்று. 1975-இல் நகரமே கடனில் மூழ்கி நொடிக்கும் நிலைக்கு வந்தது. இரயில்கள் பழுதாயின, விளக்குகள் எரியவில்லை, பெட்டிகளின் உள்ளும் புறமும் ஸ்பிரே வண்ணத்தால் எழுதப்பட்ட பெயர்கள் அடர்ந்து படர்ந்தன. சன்னல் வழியே எந்த நிலையம் என்று பார்க்கவும் இயலாதபடி கண்ணாடிகளும் மறைந்தன.

எழுதியவர்கள் யார்? பெரும்பாலோர் பதின்வயதுப் பிள்ளைகள்; ஏழை வீட்டுப் பிள்ளைகள்; கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோக் குடும்பத்தவரும் அவர்களுள் மிகுதி. ஒரு பட்டப்பெயர், அதன் பின் தாம் வாழும் தெருவின் எண், இவ்வளவுதான் அவர்கள் எழுதியது. டாக்கி 183 என்று நகரெங்கும் எழுதிவந்த கிரேக்க வழி இளைஞர் ஒருவரைப் பற்றி 1971-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் செய்தி வெளியிட்டபின், அவ்வழியே ஆயிரம் கைகள் கிளம்பின. இலட்சக்கணக்கானோர் வாழும் நகரில் தம்மை ஒருவரும் அறியவில்லை என்னும் ஏக்கம் அவர்களை எழுத வைத்தது. நான் சாவியை எடுத்ததும் அதே ஏக்கத்தால்தான் என்பதை இதைப் படித்தபோது உணர்ந்தேன்.

மாநகராட்சி சும்மா இருக்கவில்லை. 1972-இல் மேயர் ஜான் லிண்ட்சே காலத்தில் இதற்கெதிராகச் சட்டம் வந்தது. 1981-இல் மேயர் எட் காச் காலத்தில் குயின்ஸ் பகுதியின் கொரோனா பணிமனையைச் சுற்றி வேலியிட்டு, வேலிக்குள் காவல் நாய்களை விட்டார்கள். பெட்டிகளுக்கு வெள்ளையடித்தார்கள். அடித்த வெள்ளை எழுதுவோர்க்குப் புதுத்தாளாயிற்று என்பதே பல இடங்களில் கண்ட பலன்.

ஆயினும் வேறு வழியில் சிந்தித்தவர்களும் இருந்தார்கள். 1972-இலேயே ஹியூகோ மார்ட்டினெஸ் என்னும் சமூகவியல் மாணவர் இந்த இளைஞர்களுள் சிறந்த கைகளைத் தேடிப் பிடித்து, ஒன்றுபட்ட கிராஃபிட்டிக் கலைஞர்கள் என்னும் பெயரில் ஒரு சங்கம் அமைத்தார். இரயிலில் எழுதிய கையில் சித்திரத் துணியைக் கொடுத்து, கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார். கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் தொடங்கிய முயற்சி இது என்பதை இங்கே நாம் நினைவிற் கொள்ளல் தகும்.

கறுப்புத் தாளும் வெள்ளைக் கட்டியும்

இத்தகைய நகருக்குத்தான் ஹேரிங் வந்து சேர்ந்தார். பெட்டிகளின் மேல் ஓடிய வண்ணக் கோடுகள் அவரைக் கவர்ந்தன. ஆனால் அவர் இரயிலில் எழுத முற்படவில்லை. 1980-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் சுரங்க நிலையமொன்றில் அவர் கண்ணில் வேறொன்று பட்டது. நிலையச் சுவர்களில் விளம்பரம் ஒட்டுவதற்கெனச் சட்டமிட்ட பலகைகள் உண்டு. ஒரு விளம்பரத்தின் வாடகைக் காலம் முடிந்து அடுத்தது வருமளவும் அப்பலகையை மங்கிய கறுப்புத் தாளால் மூடி வைப்பார்கள். பள்ளிக் கரும்பலகை போன்ற அந்தத் தாளைக் கண்டதும் ஹேரிங் படியேறித் தெருவுக்கு ஓடினார். ஒரு கடையில் வெள்ளைச் சாக்பீஸ் பெட்டி ஒன்றை வாங்கினார். மீண்டும் கீழே இறங்கி வரைந்தார்.

ஒளிக்கதிர் சூழத் தவழும் ஒரு குழந்தை, குரைக்கும் நாய், கைகோத்து ஆடும் மனிதர், வானிலிருந்து இறங்கும் பறக்கும் தட்டு. முகமில்லை, பெயரில்லை, நிறமில்லை. அந்தக் கோட்டுருவம் கறுப்பரா வெள்ளையரா, ஆணா பெண்ணா என்று ஒருவரும் கூற இயலாது. அதனாலேயே பார்த்தவர் ஒவ்வொருவரும் தம்மையே அதிற் கண்டனர். அடியில் கையொப்பமும் இல்லை. தவழும் குழந்தையே அவர் அடையாளமாயிற்று.

ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர் இவ்வாறு வரைந்தார். ஒரே நாளில் நாற்பது படங்கள் வரை தீட்டிய நாட்களும் உண்டு. அடுத்த வண்டி வருவதற்குள், காவலர் வருவதற்குள் முடித்தாக வேண்டும். சாக்பீஸில் அழித்துத் திருத்தும் வசதியும் கிடையாது. இந்த நெருக்கடிதான் அவருடைய கோட்டுக்கு அந்த உறுதியைக் கொடுத்தது. வண்டிக்குக் காத்திருப்போர் சூழ்ந்து நின்று பார்ப்பர், பொருள் கேட்பர். தவழும் குழந்தை பொறித்த சிறு பித்தான்களைத் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார். கலைக்கூடத்தின் வாயிலையே மிதித்தறியாத கூலித் தொழிலாளியும், பள்ளிச் சிறுமியும், முதியவரும் அவருடைய சுவைஞர் ஆயினர். செங் குவாங் சி என்னும் புகைப்படக் கலைஞர், நண்பர் வரைந்த நிலையங்களுக்கெல்லாம் பின்தொடர்ந்து சென்று அப்படங்களைப் பதிவு செய்தார். இல்லையேல் அவற்றுட் பெரும்பாலானவை நமக்குக் கிடைத்திரா. அடுத்த விளம்பரம் ஒட்டப்பட்டதும் அவை மறைந்தொழிந்தன.

இவர் செய்ததும் சட்டப்படி குற்றமே. பலமுறை பிடிபட்டார், தண்டம் கட்டினார், கைவிலங்கும் பூண்டார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீறவில்லை, சிதைக்கவில்லை, எவரும் கிழித்தெறியப் போகும் தாளில், துடைத்தால் போகும் பொடியால் வரைந்தார். பேருந்துத் தகட்டில் நான் இட்ட கீறலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை எனக்கு இங்கே விளங்கிற்று. நான் விட்டுச்சென்றது என் பெயர். அவர் விட்டுச்சென்றது பிறருக்கொரு புன்னகை.

ஒரு மரணம்

வேடிக்கையாகவே போய்க்கொண்டிருந்த கதையில் 1983-ஆம் ஆண்டு இருள் சூழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் விடியற்காலை, மைக்கேல் ஸ்டூவர்ட் என்னும் 25 வயதுக் கறுப்பின இளைஞர், முதலாம் அவென்யூ நிலையத்துச் சுவரில் எழுதினார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் போக்குவரத்துக் காவலர்களால் பிடிக்கப்பட்டார். பிடிபட்ட சிறிது நேரத்தில் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். பதின்மூன்று நாட்கள் நினைவு திரும்பாமலே கிடந்து செப்டம்பர் 28-ஆம் நாள் இறந்தார். வழக்குக்கு உட்பட்ட காவலர்கள் 1985-இல் விடுவிக்கப்பட்டனர்.

இச்செய்தி ஹேரிங்கை உலுக்கியது. அவரும் அதே சுரங்கத்தில், அதே குற்றத்துக்காகப் பிடிபட்டவர். பலமுறை பிடிபட்டும் அவர் உயிரோடு வீடு திரும்பினார். காரணம் தம்முடைய வெள்ளைத் தோலே என்பதை அவர் அறிந்திருந்தார். அதனை மறைக்கவும் இல்லை. அவருடைய நண்பரும் பெரும்புகழ் பெற்ற கறுப்பின ஓவியருமான ஜான் மிஷேல் பாஸ்கியா, ஹேரிங்கின் பட்டறைச் சுவரிலேயே அந்த மரணத்தை ஓவியமாகத் தீட்டினார். அந்தச் சுவர்ப்பகுதியை ஹேரிங் வெட்டியெடுத்துச் சட்டமிட்டுக் காத்தார். தாமும் 1985-இல் ஸ்டூவர்ட்டைப் பற்றிப் பெரிய ஓவியம் ஒன்று வரைந்தார்.

பொது உடைமையைக் காப்பது அரசின் கடமை. அதனை மறுப்பார் எவரும் இலர். ஆனால் சுவரில் இட்ட ஒரு கோட்டுக்கு விலை ஓர் உயிர் என்றால், அங்கே காக்கப்பட்டது எது? இவ்வினாவைக் கடந்து போக என்னால் இயலவில்லை. என் தோளில் விழுந்த கையும் ஒரு காவலுக்குரிய கைதான். அந்தக் கை மென்மையாக விழுந்தது என் நற்பேறு.

புகழ் வந்தது

1982 அக்டோபரில் டோனி ஷஃப்ராசியின் கலைக்கூடத்தில் ஹேரிங்கின் தனிக் காட்சி நடைபெற்றது. எல்ஏ டூ என்று எழுதிவந்த ஏஞ்சல் ஆர்ட்டிஸ் என்னும் சிறுவனின் கைத்திறத்தை மதித்து, அவனோடு சேர்ந்து வரைந்த படைப்புகளும் அக்காட்சியில் இடம்பெற்றன. அதே ஆண்டு ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த உலகக் கலைக்காட்சியிலும் இவர் படைப்புகள் இடம்பெற்றன. பிரேசில், ஆஸ்திரேலியா, பிரான்சு எனப் பல நாடுகளின் சுவர்கள் அவரை அழைத்தன.

புகழ் ஒரு கேட்டையும் உடன் கொணர்ந்தது. சுரங்கத்தில் அவர் வரைந்து முடித்ததும், விலை போகும் என்று எண்ணிச் சிலர் அந்தத் தாளையே வெட்டியெடுத்துச் செல்லத் தொடங்கினர். பொதுமக்களுக்கென வரைந்த படம் சிலர் வீட்டு உடைமையானது. ஆகவே 1985 அளவில் சுரங்கத்தில் வரைவதை நிறுத்திக்கொண்டார். 1986-இல் லஃபாயெட் தெருவில் பாப் ஷாப் என்னும் சிறு கடையைத் திறந்து, தம் உருவங்கள் பதித்த சட்டைகளையும் பித்தான்களையும் சுவரொட்டிகளையும் எளிய விலைக்கு விற்றார். கலையை வாணிகமாக்கினார் என்று விமர்சகர் பலர் பழித்தனர். செல்வர் மட்டுமே வாங்கும் கலையை எவரும் வாங்கும் கலையாக்கினார் என்பதே என் கருத்து.

கைப்பந்துத் திடலின் சுவர்

அவர் வாழ்வின் நிகழ்ச்சிகளுள் என் நெஞ்சில் ஆழப் பதிந்தது 1986-இல் நிகழ்ந்தது. அக்காலத்தில் கிராக் என்னும் போதைப்பொருள் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளைச் சூறையாடியது. ஹேரிங்கின் பட்டறையில் துணையாளாக இருந்த இளைஞன் ஒருவனும் அதற்கு அடிமையானான். அவனை மீட்கப் பட்ட பாடு ஹேரிங்கின் உள்ளத்தைக் கொதிக்கச் செய்தது.

ஹார்லெம் ஆற்றோர நெடுஞ்சாலையை ஒட்டி, கிழக்கு 128-ஆம் தெருவில், பூங்காத் துறைக்குச் சொந்தமான கைப்பந்துத் திடல் ஒன்று இருந்தது. அதன் தனிச்சுவர் நெடுஞ்சாலையிற் போவோர் அனைவர் கண்ணிலும் படும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஏணியும் வண்ணமும் கொண்டுபோய், எவர் இசைவும் கேளாமல், கிராக் இஸ் வாக் என்னும் சொற்களையும் உருவங்களையும் அச்சுவர் முழுதும் ஒரே நாளில் தீட்டினார். கிராக் கேடானது என்பது அதன் கருத்து. வெட்டவெளியில் பட்டப்பகலில் வரைந்ததால், உத்தரவு பெற்றே வரைகிறார் என்று எண்ணிப் பலரும் கடந்து போயினர். இறுதியில் காவலர் வந்து வழக்குப் போட்டனர்.

ஆனால் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் போதை ஒழிப்புச் செய்திகளுக்கெல்லாம் அந்தச் சுவரையே பின்னணியாகக் காட்டின. நகரின் நெஞ்சில் இருந்ததை ஒருவர் சொல்லிவிட்டார். அவரையே நகரம் தண்டிக்கப் புகுந்திருந்தது. வழக்கு சிறு தண்டத்தோடு முடிந்தது. பின்னர் எவரோ அந்தச் சொற்களைப் போதைக்கு ஆதரவாகத் திருத்திவிட, பூங்காத் துறையினர் சுவர் முழுவதையும் சாம்பல் வண்ணத்தால் மூடிவிட்டனர். இந்த இடத்தில்தான் அரசு அலுவலர் ஒருவர் அரியதொன்றைச் செய்தார். பூங்காத் துறை ஆணையர் ஹென்றி ஸ்டெர்ன், ஓவியரிடம் வருத்தம் தெரிவித்து, அதே சுவரில் மீண்டும் வரைய வருமாறு அழைத்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில், இம்முறை அரசின் இசைவோடு, ஹேரிங் அதனை மீண்டும் வரைந்தார். அந்த ஓவியம் இன்றும் அங்கே நிற்கிறது. பிற்காலத்தில் செப்பனிடவும் பெற்றது.

ஒரே சுவர், ஒரே ஓவியர், ஒரே கருத்து. ஜூன் மாதத்தில் குற்றம். அக்டோபர் மாதத்தில் கொடை. இடையில் மாறியது ஓர் அலுவலரின் மனம் மட்டுமே.

பிள்ளைகளின் கையில் தூரிகை

ஹேரிங்கின் பிற்கால வாழ்வு பெரும்பாலும் பிள்ளைகளோடு கழிந்தது. 1986-இல் சுதந்திரதேவி சிலையின் நூற்றாண்டை ஒட்டிச் சுமார் 900 சிறுவர்களோடு சேர்ந்து பல மாடி உயரமுள்ள துணிப்பதாகை ஒன்றை வரைந்தார். 1987-இல் பாரிசில் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையின் புறப்படிக்கட்டுக் கோபுரத்தில் வரைந்தார். 1989 மே மாதத்தில் சிகாகோ நகரின் பொதுப்பள்ளி மாணவர் ஏறத்தாழ 500 பேரைக் கூட்டி, கறுப்புக் கோட்டைத் தாம் இட்டு, வண்ணம் நிரப்புவதை அவர்களிடமே விட்டார். ஒவ்வொரு பிள்ளையும் தன் விருப்பப்படி நிரப்பியது. எவர் கையையும் அவர் திருத்தவில்லை.

இங்கே பிலடெல்ஃபியா நகரைத் தனியே சொல்லல் வேண்டும். கிறுக்கலால் நியூயார்க்குக்கு இணையாக அல்லலுற்ற நகரம் அது. 1984-இல் மேயராகப் பொறுப்பேற்ற வில்சன் கூட், கிராஃபிட்டி எதிர்ப்பு அமைப்பு ஒன்றை உருவாக்கினார். இனிக் கிறுக்குவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்கும் இளைஞர்க்கு மன்னிப்பு. அதனோடு சுவர்களைத் தூய்மை செய்யும் வேலை. ஜேன் கோல்டன் என்னும் பெண் ஓவியர் அவ்வமைப்பில் சேர்ந்து, அவ்விளைஞர்களோடு பழகி, அவர்கள் கையின் திறத்தைக் கண்டு, சுவரோவியம் தீட்டக் கற்பித்தார். 1996-இல் அம்முயற்சி சுவரோவியத் திட்டம் என்னும் தனி அமைப்பாக வளர்ந்தது. இன்று அந்நகரில் ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள் உள்ளன. அதே நகருக்குத்தான் 1987-இல் ஹேரிங் வந்தார். எல்ஸ்வொர்த் தெரு மூலையில், நியூயார்க், பிலடெல்ஃபியா என இரு நகரத்து இளைஞரையும் துணைக்கொண்டு, இளைஞராகிய நாம் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு வீட்டுப் பக்கச் சுவரை முழுவதும் வரைந்தார். 2013-இல் புதுப்பிக்கப்பெற்ற அவ்வோவியத்தை இன்றும் காணலாம்.

நியூயார்க் சென்ற வழி வேறு. 1984-இல் சுரங்க இரயிலின் தலைமைப் பொறுப்புக்கு வந்த டேவிட் கன், ஒரு வழித்தடம் தூய்மையானபின் அதிற் கிறுக்கலோடு ஒரு பெட்டியும் ஓடக்கூடாது என்று விதி வகுத்தார். இரவில் எழுதியவர் காலையில் தம் பெயர் ஓடுவதைக் காணவில்லை. காணாதபோது எழுதும் ஆவலும் தளர்ந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொண்ட அந்த இரயில், 1989 மே 12-ஆம் நாள் கிறுக்கல் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. இதனையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். சுவர் கொடுத்ததால் மட்டும் இரயில் தூய்மையாகவில்லை. விடாமல் துடைத்த கைகளும் வேண்டியிருந்தன. ஆனால் துடைப்பது மட்டும் போதுமாயின், பிலடெல்ஃபியாவில் கிறுக்கிய கைகள் ஓவியர் கைகளாக மாறியிரா. விதி பெட்டியைக் காத்தது. சுவர் பிள்ளையைக் காத்தது. இரண்டும் வேண்டும்.

இறுதி நாட்கள்

ஹேரிங் ஒருபால் ஈர்ப்புக் கொண்டவர். அதனை ஒளித்து வாழ்ந்தவர் அல்லர். எய்ட்ஸ் நோய் அவருடைய நண்பர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுபோன காலம் அது. 1988-இல் தமக்கும் அந்நோய் வந்திருப்பதை அறிந்தார். அன்று அதற்கு முறையான மருந்தில்லை. சமுதாயத்தின் இகழ்ச்சி மட்டுமே மிகுதியாக இருந்தது. பலர் மறைத்த நோயை அவர் வெளிப்படையாகப் பேசினார்; அது குறித்து மக்களை எச்சரிக்கும் சுவரொட்டிகள் வரைந்தார். 1989-இல் தம் பெயரில் அறக்கட்டளை நிறுவி, குழந்தைகளுக்கும் எய்ட்ஸ் பணிக்கும் உதவும்படி ஏற்பாடு செய்தார்.

சாவு நெருங்குவதை அறிந்த கை இன்னும் வேகமாக வரைந்தது. இத்தாலி நாட்டுப் பைசா நகரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் நியூயார்க் தெருவில் அவரைச் சந்தித்துப் பழகியதன் பயனாக, 1989 ஜூன் மாதத்தில் அந்நகரின் புனித அந்தோணியார் மடத்துப் பின்சுவரில் 180 சதுர மீட்டர் பரப்பில் முப்பது உருவங்களைத் தீட்டினார். உலகம் முழுதும் என்னும் பொருள்பட டுட்டோமொண்டோ என்று அதற்குப் பெயர். 1986-இல் பெர்லின் சுவரிலும் அவர் வரைந்ததுண்டு. ஜெர்மனியின் கொடி வண்ணங்களான கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொண்டு கைகால் பிணைந்த மனிதச் சங்கிலி ஒன்றை அமைத்தார். 1989 நவம்பரில் அந்தச் சுவர் திறக்கப்பட்ட செய்தியையும் அறியும் வரை இருந்தார்.

1990 பிப்ரவரி 16-ஆம் நாள் கீத் ஹேரிங் காலமானார். அகவை 31. சில வாரங்களில், மார்ச் மாதத்தில், அவர் படங்களைக் காத்துத் தந்த புகைப்பட நண்பர் செங் குவாங் சியும் அதே நோயால் இறந்தார். பாஸ்கியா 1988-இலேயே 27 வயதில் மறைந்திருந்தார். ஒரு தலைமுறையின் திறமான கைகள் இவ்வாறு இளமையிலேயே ஓய்ந்தன.

நிறைவாக

அன்பு நண்பர்களே! பொதுச் சுவரில் கிறுக்குவது சரி என்று கூற இதனை எழுதவில்லை. நான் கீறிய மூன்றரை எழுத்து எந்தப் பேருந்தில் இன்று ஓடுகிறதோ அறியேன்; அதனைத் துடைக்க முயன்று தோற்ற கை யாருடையது என்பதும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. இரவில் பணிமனை விளக்கின் கீழ் ஈரத்துணியோடு அவர் நிற்கும் காட்சி மட்டும் சில நாட்களில் கண்முன் வரும். ஹேரிங் என்னிடம் கேட்பதாக நான் உணரும் வினா ஒன்றே. எழுத வேண்டும் என்னும் வேட்கை இருக்கட்டும். எழுதப்போவது உன்னையா, பிறரையா?

கல்லூரிக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. சென்ற மாதம் பேராசிரியர் ஐயா அவர்களுடன் சென்று, நம் மிதிவண்டிக் கொட்டகையின் பின்சுவரை மாணவர்க்குத் தருமாறு முதல்வர் அவர்களிடம் விண்ணப்பம் கொடுத்து வந்தேன். ஆண்டுதோறும் பெயர்களும் அம்பு துளைத்த இதயங்களும் நிரம்பி, ஆண்டுதோறும் வெள்ளையடிக்கப்படும் சுவர் அது. விடை இன்னும் வரவில்லை. வந்தால், முதற்கோடு இடுவதற்கு முன் பழைய கிறுக்கலைச் சுரண்டித் துடைக்கும் வேலையை எனக்குத் தர வேண்டுமென்று அவ்விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறேன்.